சேறு இல்லை

மழைக்கோட்டு ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்றால் அவள் வீட்டிலேயே சிரித்தார்கள். "ஊரார் அழுக்கை மோந்து பாக்குறதுக்கு நாலு வருஷமா?" என்பாள் அம்மா.

வெளிவேலை செய்கிற இருபத்துநான்கு பேரின் மழைக்கோட்டுகள் எத்தனை நாள் உழைக்கின்றன, எதனால் குப்பைக்குப் போகின்றன என்பதுதான் ஆய்வு. வீட்டுக்கு இரண்டு நோட்டு: அணிபவருக்கு ஒன்று, துவைப்பவருக்கு ஒன்று. ஒருவருடையதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் பூதக்கண்ணாடியோடு போய்க் கோட்டைப் பார்ப்பாள். ஆறாவது, கடைசிச் சந்திப்பில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நோட்டுகளை வாரம் வாரமாக வாசிக்கச் சொல்லி ஒப்பிட வேண்டும்.

பதினேழாம் எண் கோட்டு மீட்டர்காரருடையது. வீடு வீடாக நடந்து மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறிப்பவர். ஒன்பது வருடமாக உழைக்கிற கோட்டு. அவள் ஆய்வுக்கே அதுதான் முதுகெலும்பு. பையின் வார் உராய்ந்து இடது தோள் எவ்வளவு தேய்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து வந்தாள்.

ஐந்தாவது முறை போனபோது, போன தடவை அளந்ததைவிடத் தோள் துளிகூட அதிகம் தேய்ந்திருக்கவில்லை. முழங்கைகள்தான் மேசையில் ஊன்றி ஊன்றிப் பளபளத்துக் கிடந்தன. அவருடைய நோட்டிலோ, 'காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, நடை' என்று வேலைநாள் ஒன்று தவறாமல் இருந்தது.

தலையைத் தூக்கினாள். மீட்டர்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்" என்று எழுந்தார்.

தெருமுனை திரும்பியதும் கேட்டார்: "கண்டுபிடிச்சிட்ட, இல்ல?"

"நீங்க பையைத் தூக்கி நாளாச்சுண்ணா."

"போன தடவை நீ வந்துட்டுப் போன மறுநாளே அனுப்பிட்டாங்க. இப்பல்லாம் மீட்டரே நம்பரை அனுப்பிடுதாம். தினமும் லைப்ரரியில உக்காந்திருக்கேன். பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் மனப்பாடம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவகிட்ட சொல்லிடாதம்மா. வேற வேலை கெடைச்சதும் நானே சொல்லிடுவேன்."

சொல்லமாட்டேன் என்றாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று ஆய்வின் தொடக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தானே.

அந்த வாரம் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஒரே அட்டவணையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "ஒரு கோட்டுதானே? பயன்பாடு மாறிடுச்சுன்னு ஒரு வரி எழுதிட்டு மேல போம்மா" என்றார் நெறியாளர். அந்த ஒரு வரிதான் வரவில்லை.

வேறு வேலையாவது நடக்கட்டுமென்று, ஒவ்வொரு முறையும் எடுத்து வந்திருந்த துவைப்பவர் நோட்டுகளின் படங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். மீட்டர்காரர் மனைவியின் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. 'சேறு இல்லை.' அடுத்த வாரம்: 'சேறு இல்லை. பாக்கெட்டில் லைப்ரரி சீட்டு.' அதற்கடுத்து: 'சேறு இல்லை. வாரம் முழுக்க மழை.'

மனைவிக்குத் தெரிந்திருக்கிறது!

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைக்கிறார்கள். நடுவில் இவள், மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். கடைசிச் சந்திப்பு வரை நாட்களை நெட்டித் தள்ளிவிட்டு, அதற்கு முதல்நாள் மீட்டர்காரருக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு ரெண்டு நோட்டையும் வாசிக்கணும்ணா. அக்காவும் வாசிப்பாங்க. வேணாம்னா சொல்லுங்க, விட்டுடலாம்."

"வா" என்றார் அவர்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பழைய வாரங்கள் எல்லாம் சரியாகவே ஓடின. அப்புறம் அந்த வாரம் வந்தது.

"காலை எட்டு முதல் ஐந்து வரை, நடை" என்று வாசித்தார்.

"சேறு இல்லை" என்றாள் மனைவி.

"எட்டு முதல் ஐந்து வரை, நடை."

"சேறு இல்லை."

மூன்றாவது வாரத்தில் அவர் நின்றுவிட்டார்.

"படிங்க" என்றாள் மனைவி, நிமிராமலே.

"நடை இல்ல. உக்காந்திருந்தேன். வேலை போயிடுச்சு."

அவள் நோட்டை மூடினாள். "இப்பவாவது வாயைத் தொறந்தீங்களே. நீங்களா சொல்லுவீங்கன்னு தினமும் டப்பா கட்டிக் குடுத்தேன். உக்காந்திருக்கிற மனுஷனுக்கு நடக்கிறவன் சாப்பாடு! தொப்பை போட்டதுதான் மிச்சம்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். மனைவி எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

"நீ கெளம்பும்மா" என்றாள் இவளிடம். "இந்த ரெண்டு நோட்டும் இங்கயே இருக்கட்டும். எங்க கதை உன் புஸ்தகத்துல வேணாம்."

ஆய்விலிருந்து விலக அவர்களுக்கு உரிமை உண்டு. சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்துநான்கு, இருபத்துமூன்று ஆனது. முதுகெலும்பு போனதால் இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுத வேண்டிவந்தது. நெறியாளர் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேசவில்லை. செய்தது சரியா தப்பா என்று வேளைக்கொரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

மாதம் ஒன்றானபோது மீட்டர்காரர் மனைவி போன் செய்தாள்.

"வேலை ஏதாவது அமைஞ்சுதாக்கா?"

"இன்னும் இல்லம்மா. ரெண்டு பேருமாத்தான் தேடுறோம். நாள் முழுக்க காலுக்குள்ளயே சுத்தி வர்றாரு, தொல்லை தாங்கல" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ராத்திரி நல்லா தூங்குறாரும்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."