ஏலத்தில் போன நத்தைக் கூடை

திருவொற்றியூரில் கடலோரமாக இருக்கும் அந்த ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. நிலம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று மாடிக்காரர்களும் ஜன்னல் வழியாக வீசியதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது. ஜெயஸ்ரீ ஆடி மாதம் முழுக்கக் குப்பை அள்ளி, அடியில் மண் என்று ஒன்று இருப்பதைக் காட்டினாள். மண் தெரிந்த மறுநாளே அந்த இடம் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. நம் ஜனங்களைப் பற்றித்தான் தெரியுமே.

குடியிருப்புச் சங்கத் தலைவர் கலீலுல்லா பாய்க்கு அங்கே பைக் ஷெட் போட்டாக வேண்டும். மழையில் வண்டி நனைகிறது என்று ஆளாளுக்கு அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் நல்ல மனுஷர். குப்பை அள்ளியவளிடம் முகத்தில் அடித்த மாதிரி சொல்ல மனம் வராமல் கெடு வைத்தார்.

"இதோ பாரு ஜெயா, பொங்கலு வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள ஒரு காயாச்சும் காய்க்க வெச்சிக் காட்டு. இல்லாங்காட்டி ஷெட்டுதான். அப்பால மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

மூன்றாவது மாடியில் குடியிருப்பவளுக்குச் சொந்தமாகக் கால் வைக்கத் தரை ஏது? கத்தரி நாற்று நட்ட அன்று, மண் ஒட்டிய கையைக் கழுவ மனமில்லாமல் அப்படியே டீ குடித்தாள் ஜெயஸ்ரீ. அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி மழை பிடித்தது. எங்கிருந்துதான் வந்ததோ, சுவர் முழுக்க நத்தை. ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கைமுட்டி அளவு. முதலில் நட்ட நாற்றில் தண்டைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஜெயஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விதைத்து, மறுபடி நட்டாள். இதுவும் போனால் பொங்கலுக்குள் இன்னொரு தடவை நட நேரம் கிடையாது.

இந்த நேரத்தில்தான் அவள் புருஷன் செல்வம் உதவிக்கு வந்தான். ஃபைபர் போட்டில் தூண்டிலுக்குப் போகிறவன். புயல் எச்சரிக்கையால் படகைக் கரையேற்றிவிட்டு, வீட்டில் கை சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். ஜெயஸ்ரீ ராயபுரத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வருவதற்குள், கருவாட்டுக்கு வைத்திருந்த கல்லுப்பு மூட்டையை இறக்கி, உப்பு தீரும் வரை ஒவ்வொரு நாற்றாகச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தான்.

"யோவ், இன்னாய்யா இது?"

"உப்பு! நத்த கிட்ட வருமா இனிமே? பாரு, எப்டி சுருண்டுகினு கெடக்குதுன்னு."

நத்தை சுருண்டது நிஜம்தான். இரவு பெய்த மழையில் உப்புக் கோட்டை கரைந்து வேருக்குள் இறங்கியதும் நாற்றுகளும் சுருண்டன. மீன் கெடாமல் இருக்க உப்பு போட்டே பழகிய கை, செடியையும் அப்படித்தான் காப்பாற்றப் பார்த்திருக்கிறது.

"செடியக் கருவாடு போட்டுட்டியேய்யா!" என்று அழுதவள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள். குழம்பு எங்கே இருக்கிறது என்று அவனேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

பிழைத்தது, உப்பு தீர்ந்துபோனதால் கோட்டை கட்டாமல் விட்ட சுவரோர வரிசை மட்டும். அங்கே போய்ப் போய்க் குந்திக்கொண்டிருந்த செல்வம் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

"நான் ஒரு முட்டாளு ஜெயா. மீனாண்ட போயி வராதன்னா சொல்றோம்? அதுக்குப் புடிச்சத வெச்சி, நம்ம சொல்ற எடத்துக்கு அத்த வர வெக்கிறோம். நத்தைக்கு மட்டும் வேற ஞாயமா?"

ஜெயஸ்ரீ அவனைப் பார்க்காமல், "முட்டகோஸ் எலன்னா உசுர வுடுதுங்க. சாபிராக்கா கொட்டின எலைங்க மேல அப்டியே அப்பிகினு கெடந்துச்சு" என்றாள். சண்டைக்குப் பின் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். செல்வத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கீழ்வீட்டு சாபிரா, கலீலுல்லா பாயின் மனைவி, கோஸ் இலையும் பப்பாளித் தோலும் முறம் நிறையக் கொடுத்தாள். நாற்றுகளுக்கு எதிர்மூலையில் அதையெல்லாம் பரப்பி, மேலே நனைந்த சாக்கைப் போட்டு வைத்தார்கள்.

விடியும்போது சாக்கைத் தூக்கிய ஜெயஸ்ரீ போட்ட கூச்சலில் மூன்று மாடியும் இறங்கி வந்தது. அடியில் மண் தெரியாமல் நத்தை! சுவரோர நாற்றுகளில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை. கையில் கேரி பேக்கை மாட்டிக்கொண்டு அள்ளியதில் மீன் கூடை நிரம்பிவிட்டது.

நிரம்பிய கூடை, விடிகிற நேரம், சுற்றிக் கூட்டம். செல்வத்தின் வாய் சும்மா இருக்குமா?

"வா வா வா! ராத்திரி வுழுந்த சரக்கு, துள்ளத் துடிக்கக் கீது! கேளு கேளு!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அந்தப் பக்கம் வந்தார் கலீலுல்லா பாய். வாலிபத்தில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவர். அரை வெளிச்சத்தில் கூடையும் ஏலக் குரலும் தெரிந்ததே போதும், கை தானாக மேலே போனது.

"எனுக்கு! அந்தக் கூட எனுக்கு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தவர் முகம் போன போக்கை என்ன சொல்ல! கூடை விளிம்பில் ஒரு நத்தை கொம்பை நீட்டி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா கலீஜ்டா இது!"

"ஏலத்துல கேட்டுட்டு ஜகா வாங்குற பழக்கம் நம்ம பக்கம் கெடையாது பாய்" என்றான் செல்வம்.

"எட்த்துகினு வூட்டுக்கு வந்துடாதீங்க, உள்ள வுட மாட்டேன்!" என்று சாபிரா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

வாக்கு தவறாத மனுஷர் பாய். மூக்கைச் சுளித்தபடி கூடையைத் தூக்கிப் போய், கருவாட்டுக்கென்று புதிதாக வாங்கிய உப்பைக் கரைத்து வைத்திருந்த டிரம்மில் அவரேதான் கொட்டினார். போகிற போக்கில் சுவரோர நாற்றுகளையும் ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் தொழுகை முடிந்து வரும்போது, "இன்னிக்கு இன்னா வுழுந்துச்சு?" என்று கேட்டார். அதற்கடுத்த நாள் சாக்கை அவரே தூக்கிவிட்டார். கோஸ் இலை குறைந்தால் சாபிராவிடம் சண்டைக்கும் போனார்.

போகியன்று வெல்டர் திருமலை டேப்போடு வந்து நின்றான். செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஊதா நிறத்தில் பூவும் இருந்தது. காய்தான் இல்லை. பொய் சொல்ல ஜெயஸ்ரீக்கு வரவில்லை.

"காய் வெக்கல பாய்."

பாய் குனிந்தார். ஒரு இலைக்கடியில் ஒட்டியிருந்த நத்தையைப் பிய்த்து டிரம்மில் போட்டுவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தார்.

"திருமலை, ஷெட்டுக்கு அளவு எடுக்காத. சுத்திலும் வேலி போட எவ்ளோ ஆவும், அத்தப் பாரு."

"அப்போ பைக்குங்க?"

"பைக்க நத்தையா துன்னப் போவுது? நனஞ்சா தொட்சிக்கட்டும்" என்றார் பாய்.