கையுறையில் காலி விரல்

கிளைவ் கேதர்கோலின் இடது கை மோதிர விரலை உருளைக்கிழங்கு அறுவடை இயந்திரம் பிடுங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விரலைப் பற்றி அவன் பேசியதே இல்லை. எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் எங்காவது ஒன்று குறைச்சல்தான். அந்த விரலோடு போன கல்யாண மோதிரம்தான் அவனை விடவில்லை.

அன்றைக்கு இயந்திரத்தின் பின்மேடையில் நானும் நின்றிருந்தேன். பெல்ட்டில் கிழங்கோடு வரும் கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி வீசுவது எங்கள் வேலை. அவன் கையுறையின் நுனியைப் பெல்ட்டை ஓட்டும் உருளை கவ்வியது. அவன் கத்தக்கூட இல்லை. "நிறுத்தச் சொல்லு லொரெய்ன்" என்று மட்டும் சொன்னான்.

காயம் ஆறியதும் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினான். அதிலிருந்து வருஷா வருஷம், அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வயலிலேயே கிடந்தான். அவனைப் பார்த்து நானும் டிடெக்டர் வைத்திருப்பவர்களின் கிளப்பில் சேர்ந்தேன். நாங்களெல்லாம் ரோமானியக் காசும் வெள்ளிப் பொத்தானும் தேடினோம். கிளைவ் தேடியது ஒன்றே ஒன்று. பழைய கருவிக்குத் தங்க மோதிரமும் பீர் டின்னைத் திறக்கிற அலுமினிய வளையமும் ஒரே சத்தம். அதனால் கேட்ட சத்தம் ஒன்றையும் விடாமல் தோண்டினான். வாளி வாளியாக அலுமினிய வளையம் எடுத்தான்.

அவன் மனைவி க்ளெண்டா ஒவ்வொரு குளிர்காலமும் அவனுக்கு வாங்கும் கையுறையில் அந்தக் காலி விரலை உள்பக்கம் மடித்துத் தைத்துவிடுவாள். மறுபடி எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. நவம்பர் தொடக்கத்தில் அவள் செத்துப்போனாள். ஈரலில் நோய். கடைசி வாரம் நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு மோதிரத்தோட சர்ச்சுக்குள்ள போனோம். ரெண்டையும் போட்டுத்தான் என்னைப் பெட்டில வைக்கணும். தெரியுதா?"

"தெரியுது," என்றான் கிளைவ். வேறென்ன சொல்வான்.

அடக்கத்துக்கு அந்த மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் நாள் கிடைத்தது.

எங்கள் கிளப்பில் டீன் என்று ஒருவன். லாரி ஓட்டுகிறவன், நாற்பது வயசு, எங்களுக்குள் சின்னவன். புதுக் கருவி ஒன்று வாங்கியிருந்தான். அதைப் புல்வெட்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகவேண்டும். அது கத்தாது. மண்ணுக்குள் கிடப்பதைத் திரையில் படமாக வரையும். இன்ன உலோகம், இவ்வளவு ஆழம், இப்படிக் கிடக்கிறது, இது குப்பை, தோண்டாதே என்று எழுதிக் காட்டும். மோதிரம் வேறு, டின் வளையம் வேறு என்று அதற்குத் தெரியும். தள்ளி முடித்த இடம் திரையில் பச்சையாகிவிடும்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் பெருசு," என்றான் கிளைவிடம். "நீ முப்பது வருஷமா நோண்டினத நான் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

சனிக்கிழமை மத்தியானம் நான் தனியாக அந்த வயலுக்குப் போனேன். என்னிடம் டெர்ரியின் மோதிரம் இருந்தது. டெர்ரி என் முன்னாள் புருஷன். மீன் கடைக்காரி ஒருத்தியோடு யார்மத் ஊருக்குக் கிளம்பும்போது மோதிரத்தைக் கழற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவன். கிளைவின் மோதிரமும் அப்படித்தான், வேலைப்பாடு ஒன்றுமில்லாத வெறும் தங்க வளையம். பழசாகத் தெரியட்டும் என்று செங்கல்லில் நாலு தேய் தேய்த்தேன்.

கிளப் நன்கொடைக்காக நடத்துகிற போட்டிகளில், ஆட்கள் தேடி எடுப்பதற்கு உலோக வில்லைகளைப் புதைத்து வைப்பவள் நான்தான். கை அந்த வேலையை யோசிக்காமல் செய்யும். ஒரு சாண் ஆழம். தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும், அப்போதுதான் கருவிக்கு நன்றாகக் கேட்கும். அன்று இயந்திரம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் ஓரமாக வைத்தேன். மண்ணை மூடி, பூட்ஸால் மிதித்து, மேலே இரண்டு கல்லையும் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை தரையெல்லாம் உறைபனி. கிளைவ் புதுக் கையுறை போட்டிருந்தான். காலி விரல் தைக்காமல் தொங்கியது.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேன்."

"எப்போ?"

"நேத்தா இருக்கும்."

பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை நீட்டினேன். வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

டீன் தள்ள ஆரம்பித்தான். "டின் வளையம். கலப்பை ஆணி. வளையம். வளையம். ஏம்ப்பா, இவ்வளவு பீரை யாரு குடிச்சது இங்க?"

"நானும் டெர்ரியும்," என்றான் கிளைவ்.

"இத்தன வருஷம் எடுத்தும் தீரலையா?"

"ஆழத்துல இருக்கு."

"உன் ஓட்டை டப்பாக்கு எங்க கேக்கும்!"

கிளைவ் பஸ்ஸுக்கு நிற்கிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். நான் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, வாய்க்கால் பக்கம் வந்தோம்.

கருவி நின்றது. திரையில் மஞ்சள் வட்டம்.

"தங்கம்! பெருசு, தங்கம்! மோதிரம்யா!" டீன் குதித்தான். பிறகு திரையை இன்னொரு தடவை பார்த்தான். குதிப்பது நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான்.

"என்னடா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தோண்டு பெருசு, தோண்டு."

கிளைவ் கண்ணாடியை எடுத்து மாட்டினான். குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான்.

"தங்க மோதிரம். தட்டையாக உள்ளது. மேல்மண் இரண்டு நாளுக்குள் கிளறப்பட்டது."

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

"வருஷா வருஷம் உழுது புரட்டற மண்ணுல ஒரு சாமான் தட்டையாவா படுத்துக் கிடக்கும்?" என்றான். குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "வில்லை புதைக்கற மாதிரியே புதைச்சிருக்க."

"கைப்பழக்கம்," என்றேன்.

"யாரோடது?"

"டெர்ரியோடது."

"டெர்ரியோடதா?" அந்த இரண்டு வாரத்தில் அவன் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் அசைந்தது. "அதப் போட்டா அவ பெட்டிய உடைச்சுக்கிட்டு வெளிய வந்துருவா, லொரெய்ன். அவன வாசப்படி ஏற விடமாட்டா, தெரியுமில்ல?"

டீன் சிரித்தான். பிறகு இருமுகிற மாதிரி பாவனை செய்தான்.

"நீ சொல்லாட்டி அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "ரெண்டு மோதிரம் கேட்டா. ரெண்டு இருக்கும்."

கிளைவ் மண்வெட்டியை என் பக்கம் நீட்டினான். "உன் சாமான். நீயே எடுத்துக்க. குழிய மூடிரு."

கருவி சொல்லியும் அவன் தோண்டாமல் விட்ட முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும். நான் தோண்டினேன். நான் வைத்தது வைத்தபடி கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு குழியை மூடினேன்.

"மிச்சத்த முடிடா," என்றான் கிளைவ், டீனிடம்.

டீன் முடித்தான். அதற்குப் பிறகு வளையம் என்றோ ஆணி என்றோ எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு முன்பே திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

"வேற தங்கம் இல்ல பெருசு."

"தப்பு பண்ணுமா அது?"

"என் பொண்டாட்டி தோட்டத்துல கம்மல் திருகாணிய தொலைச்சா. அதையே எடுத்துக் குடுத்துச்சு."

"அப்ப இங்க இல்ல."

"இல்ல."

"இங்க விழவே இல்ல."

டீன் தரையைப் பார்த்தான். கிளைவ் தன் கையைத் தூக்கி, பெல்ட் ஓடுகிற மாதிரி காற்றில் மேல்நோக்கி ஒரு கோடு போட்டான். "மேல போயிருக்கு. கிழங்கோட கிழங்கா, ட்ரெய்லருக்கு. நாம எல்லாரும் கீழ மண்ணுலயே தேடிக்கிட்டு நின்னோம்." என்னைப் பார்த்தான். "அந்த லோடு எங்க போச்சு?"

"சிப்ஸ் கம்பெனிக்கு," என்றேன். "அன்னைக்குச் சாயங்காலமே."

டீனால் தாங்க முடியவில்லை. "எவனோ பாக்கெட்டுக்குள்ள பரிசு விழுந்திருக்குன்னு நினைச்சிருப்பான்."

"க்ளெண்டாவுக்குச் சிப்ஸ்னா உயிரு," என்றான் கிளைவ்.

அதற்குச் சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவன் ரொட்டியை எடுத்தான். ஆறி விறைத்துப் போயிருந்தது. நின்றபடியே பாதியைத் தின்றான். கையுறையின் காலி விரலில் சேறு அப்பியிருந்தது.

"கழட்டிக் குடு, தச்சுத் தர்றேன்," என்றேன்.

"வேண்டாம்."

"எதுலயாவது மாட்டிக்கும்யா."

"எதுல? நான் இயந்திரத்துப் பக்கம் போயே எவ்வளவு காலமாச்சு." மிச்ச ரொட்டியைப் பைக்குள் வைத்தான். "அவ வேற வேலை இல்லாமத்தான் தச்சுக்கிட்டு இருந்திருக்கா."

வெள்ளிக்கிழமை காலை, பெட்டியை மூடுவதற்கு முன் அவனோடு நானும் போனேன். அவள் விரல் இளைத்துப் போனதால் மோதிரம் நழுவாமல் இருக்க நூல் சுற்றியிருந்தார்கள். அடக்க ஏற்பாட்டுக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார். "இன்னொரு மோதிரம் கொண்டு வர்றதாச் சொன்னீங்களே ஐயா?"

"கிடைக்கல."

"வேற ஏதாவது வைக்கணுமா?"

கிளைவின் இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

"இல்ல. மூடுங்க."

அடக்கம் முடிந்து எல்லோரும் பப்புக்குப் போனோம். டீன் கறுப்பு டை கட்டி வந்திருந்தான். அவன் லாரிக்காரக் கழுத்துக்கு அது பொருந்தவே இல்லை. தட்டில் இறைச்சி வைத்த ரொட்டிச் சுருள்களை அடுக்கிக்கொண்டு கிளைவ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை கிளப்புல வேற பண்ணைக்குப் போறாங்க. மில்லுக்குப் பின்னாடி. நீ... வரமாட்டல்ல?"

"எத்தன மணிக்கு?"

டீன் என்னைப் பார்த்தான். "எட்டு. என் கருவியத் தரட்டுமா பெருசு? தள்ளிப் பாக்கறியா?"

"என்னோடதே போதும்."

"இனிமே எதத் தேடப் போற?"

கிளைவ் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பை விட்ட ஈரத்தைக் கட்டைவிரலால் மேசையில் துடைத்தான்.

"நீங்கல்லாம் தேடறதத்தான்," என்றான். "காசு, பொத்தான்."