பெயருக்கு எத்தனை எழுத்து

லேசிலியோடு போட்ட சண்டைகளில் நான் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து இதே கதைதான். இருந்தாலும் பெயர்ப் பெட்டிச் சண்டையில் நியாயம் என் பக்கம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் வைசேலே. தொங்காவின் தலைநகர் நுகுவலோஃபாவில் மீன் சந்தைக்கு எதிர்மாடியில் எங்கள் அலுவலகம். மூன்று மேசை, ஒரு மின்விசிறி. என் சித்தப்பா மகன் சைமோனே ஆக்லாந்து வேலையை உதறிவிட்டு வந்து ஆரம்பித்தது. வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் ஜனம் ஊருக்குப் பணம் அனுப்பினால் நடுவில் நிற்பவர்கள் ஒரு வாய் கடித்துக்கொண்டுதான் விடுவார்கள். எங்கள் கருவியில் அந்தப் பணம் கிரிப்டோ நாணயமாக மாறி, கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் கடல் தாண்டி, இங்கே எங்கள் நாட்டுப் பணமான பாங்காவாக இறங்கும். பிடித்தம் வெறும் சில்லறை. உள்வேலை முழுக்க நான் எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வெளித்தோற்றத்தை மட்டும், முதல் போட்ட ஆக்லாந்துக்காரர் தனக்குத் தெரிந்த யாரையோ வைத்துச் செய்து அனுப்பினார். பெயர் 'ஷேடோ'. கறுப்புப் பக்கம், முகமூடிச் சின்னம், "அனுப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது" என்று பளிச்சென்று ஒரு வரி. எனக்கும் சைமோனேவுக்கும் அது பிரமாதமாகத் தெரிந்தது. இரண்டு தொங்காக்காரர்களுக்கு அது பிரமாதமாகத் தெரிந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மார்ச்சில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் சபையில் மழலைப் பள்ளிக் கூரைக்காகக் கச்சேரி. ஆடும் பெண்ணின் தோளில் தேங்காய் எண்ணெய் மினுங்கும். ஒவ்வொருவராக எழுந்து போய் அதில் நோட்டை ஒட்டுவோம். யார் ஒட்டினார்கள் என்பதை சபை முழுக்கப் பார்க்கும். பார்க்காவிட்டால் ஒட்டி என்ன பிரயோசனம்? ஆஸ்திரேலியாவில் லோகனிலும், ஆக்லாந்திலும் இருப்பவர்கள் நேரலையில் பார்த்து ஏங்குவார்கள். இந்தத் தடவை அவர்கள் எங்கள் கருவியில் அனுப்ப, அது மேடைத் திரையில் வர, சபைக் காரியஸ்தர் துய்வாய் மைக்கில் வாசிப்பதாக ஏற்பாடு. துய்வாயின் தொண்டைக்கு மைக் அநாவசியம்.

முதல் பணம் வந்தது. முந்நூறு பாங்கா. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எழுத்தும் எண்ணும் கலந்து நாற்பது எழுத்து நீளத்துக்கு ஒரு கிரிப்டோ வாலட் எண். துய்வாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பயபக்தியோடு வாசித்தார்.

"பூஜ்யம்... எக்ஸ்... ஏழு... எஃப்... மறுபடியும் ஏழு... யாருப்பா இது? இந்தக் குடும்பம் எந்தத் தீவு?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து வந்ததும் பூஜ்யம் எக்ஸ். "அண்ணன் தம்பி போலிருக்கு" என்றார் துய்வாய். நான்காவதோடு பணம் வருவது நின்றுவிட்டது. என் போன் அடித்தது. லோகனிலிருந்து மனாசே மாமா.

"ஏண்டா வைசேலே, என் பேரு என்னடா?"

"மனாசே மாமா..."

"தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குடா பாதிரியார் முன்னாடி என்னைப் பூஜ்யம்னு கூப்பிட்டீங்க? கறி ஃபாக்டரில ரெண்டு ஷிப்ட் நின்னு சம்பாதிச்ச காசுடா அது! எங்க அக்கா அங்க உக்காந்து என் பேரு வரும் வரும்னு பாத்துட்டு இருந்தா. அந்தப் பக்கத்தை வரைஞ்சது எந்தக் கழுதை? அதுகிட்ட போனைக் குடு!"

நான் கோழை. பக்கத்தில் டிக்கெட் கட்டோடு நின்றுகொண்டிருந்த லேசிலியின் கையில் போனைத் திணித்துவிட்டேன். கச்சேரி டிக்கெட்டை அடித்துக்கொடுத்ததைத் தவிர அவளுக்கும் இந்த விவகாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "நான் இல்லை மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு நிமிஷம் வசவு வாங்கினாள். "ஆமா மாமா... தப்புதான் மாமா... சரி, உங்களை எப்படிக் கூப்பிட்டிருக்கணும், அதைச் சொல்லுங்க" என்று டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டே இருந்தாள். இடம் போதாமல் இரண்டாவது டிக்கெட்டை எடுத்தாள்.

மாமா லோகன் சபைக்கே மூத்தவர். அங்கே அறுபது வீடு அவர் சொல்லைத் தாண்டாது. இனி ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக்லாந்துக்காரரும் சொல்லிவிட்டார்: ஜூன் கச்சேரியில் நூறு பேர் அனுப்பினால் தொடரலாம், இல்லையென்றால் கடையை மூடு. திங்களன்றே சைமோனே அந்த இரண்டு டிக்கெட்டையும் பார்த்துவிட்டு லேசிலியை வேலைக்கு வைத்தான். அவன் வாழ்நாளில் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான்.

லேசிலி பதினைந்து வருஷம் அச்சகத்தில் இருந்தவள். இந்த ஊரில் செத்தவர்களில் பாதிப் பேரின் அடக்க ஆராதனைத் தாளை அவள்தான் வடிவமைத்தாள். வந்த அன்றே கறுப்பைக் கிழித்துப்போட்டாள்.

"கறுப்பைப் பாத்தா நம்ம சனம் முதல்ல கேக்கறது, யாரு போயிட்டாங்கன்னுதான். பணம் அனுப்பவா வருவாங்க?"

பக்கம் எண்ணெய் மினுங்கும் பொன்னிறமானது. சின்னம், ஒரு தோளை அழுத்தும் உள்ளங்கை. நாலே கோடு. ஆக்லாந்துக்காரர் பார்த்துவிட்டு சுளுக்கு வைத்தியசாலையா என்று கேட்டார். அதைப் பார்த்த சந்தைக்காரிகளோ ஒன்றும் கேட்காமல் தங்கள் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பெயர், 'ஹிங்கோவா'. எங்கள் மொழியில் பெயர் என்றே அர்த்தம்.

பிறகுதான் சண்டை. எல்லா ஊரிலும் தொகை முதலில், பெயர் பிறகு. அவள் பெயர்ப் பெட்டியைப் பெரிதாக மேலே போட்டு, "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்று கேட்டாள். தொகை கீழே, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

"சிலருக்குப் பேர் சொல்ல இஷ்டம் இருக்காதே" என்றான் சைமோனே.

"'ஒரு சொந்தக்காரன்'னு எழுதிட்டுப் போகட்டும். அதுவும் பேருதான்."

"சரி, முப்பது எழுத்துக்கு மேல கிடையாது. திரை தாங்காது" என்றேன் நான்.

அவள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அடக்கத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தாள். "இதுல ஒருத்தரையாவது முப்பதுல அடக்கிக் காட்டு பாப்போம்."

"என் ப்ரோக்ராம் செத்துரும் லேசிலி!"

"செத்தா சொல்லு. அதுக்கும் தாள் அடிச்சுத் தரேன்."

பெட்டி நீளும்படி எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. எழுத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்றேன். துய்வாயின் கண்ணுக்கு ஆகாது என்றாள். பெயர் மெல்ல மேலே நகர வேண்டும், அவர் வாசிக்கிற வேகத்துக்கே நகர வேண்டும். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தத் தீவின் பெயருக்கு இழுப்பார் என்றெல்லாம் என்னிடம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு மனுஷனின் மூச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்தபின் இணையதளத்தின் அடியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னோம். "வர்றவங்க பேருக்குதான் இடம்" என்று மறுத்துவிட்டாள்.

ஜூன் கச்சேரியில் ஆக்லாந்து முதலில் வந்தது. பிறகு சிட்னி. ஒவ்வொரு பெயருக்கும் தகப்பன், பாட்டன், தீவு, பட்டப்பெயர். துய்வாய் பேரானந்தத்தில் இருந்தார். மூன்று மணிக்கு எழுபத்தொரு பேர். அத்தோடு ஓய்ந்தது. லோகனிலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. சைமோனே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஹாலின் மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் லேசிலி. பக்கத்துத் தட்டில் இலையில் பொதிந்த கறி தொடாமலே ஆறிப்போயிருந்தது. கடைசி ஆட்டம் முடியப்போகிறது. அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பணம் வந்ததற்கான மணி ஒலித்தது. திரை நகரத் தொடங்கியது. துய்வாய் நிமிர்ந்து நின்றார்.

"லோகனில் வாழும் மனாசே. ஹவேலுலோட்டோவில் படகு கட்டிய வில்லியமியின் மகன். புயலில் தேவாலயக் கதவைத் தோளால் தாங்கிப்பிடித்த லாத்துவின் பேரன்..."

நகர்ந்தது, நகர்ந்தது. ஏழு தலைமுறை. தாய்வழி வேறு. ஹால் முதலில் சிரித்தது, பிறகு ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டியது. முன்வரிசையில் மாமாவின் அக்கா எழுந்து நின்றுவிட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டு, பெட்டியே தாங்கிக்கொள், தாங்கிக்கொள் என்று ஜெபித்தேன். துய்வாய் மூச்சு வாங்கிய இடத்தில் எழுத்தும் நின்று மூச்சு வாங்கியது.

"...ஆகிய நான், மார்ச் மாதம் ஒரு பெண்ணைப் போனில் பதினோரு நிமிஷம் ஏசினேன். அது அவள் செய்த வேலை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். தளம் முழுக்கத் தேடினேன், அவள் பெயர் எங்கேயும் இல்லை. ஆகையால் நானே சொல்கிறேன். ஹாபாய், ஹானோ தீவு, மீன்வலைக்கார சேமியின் மகள் லேசிலி. கூரைக்கு நான் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டேன். இது அவளுக்கு. பத்து பாங்கா. என் சார்பில் யாராவது ஒட்டிவிடுங்கள்."

ஹாலின் கூரை பறக்காமல் இருந்ததே பெரிய காரியம், அப்படி ஒரு கூச்சல். லேசிலி மேசைக்குப் பின்னால் குனிந்து ஒளியப் பார்த்தாள். துய்வாய் மேடையை விட்டு இறங்கி வந்து, தன் பையிலிருந்தே ஒரு பத்து பாங்காவை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினார். எண்ணெய் இல்லாததால் நோட்டு விழுந்தது. மாமாவின் அக்கா ஓடிவந்து ஒரு கை எண்ணெயை அவள் முகத்தில் அப்பினார். இந்தத் தடவை நின்றது.

"ஆடுடி!" என்றார் அக்கா.

"எனக்கு ஆடத் தெரியாது அத்தை" என்று அழுதுகொண்டே எழுந்து ஆடினாள். உண்மைதான், அவளுக்கு ஆட வரவில்லை. அதற்குள் மணி விடாமல் ஒலிக்க ஆரம்பித்திருந்தது. லோகன், லோகன், லோகன். ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்குக் குறையாத பெயர். நூறு எப்போது தாண்டியது என்று நான் கவனிக்கவில்லை. துய்வாய் நெஞ்சைத் தடவிக்கொண்டு தண்ணீர் கேட்டார், நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.