வெறும் அறையின் அரை நிமிடம்

அவளை வீட்டில் எல்லோரும் வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாட்களில் வாய் ஓயாமல் பேசியதற்காக அக்கா வைத்த பட்டப்பெயர் அது. பிற்பாடு அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களை வாசித்து ஒலிநூலாக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கல்யாணமான பிறகு கணவரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. அதுதான் அவளுடைய ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கதவுக்குப் பின்னால் ஒரு பழைய மெத்தை, நடுவில் மேசை, மைக், கிறீச்சிடாத ஒரு நாற்காலி. படிப்பதற்கு டேப்லெட். பக்கம் திருப்பும் சரசரப்பு மைக்கில் விழுந்துவிடும் என்பதால் அந்த அறைக்குள் காகிதம் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று டக், டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பாதி முடிந்த நாவல் ஒன்று அதில் இருந்தது. அவள் பதறியடித்து அந்த நாவலை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றி முடிக்கவும், டிஸ்க் மூச்சை நிறுத்தவும் சரியாக இருந்தது. மிச்சமிருந்த நான்கு டிஸ்க்குகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அன்றே கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அவசரப்படாத மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ சேர்ந்திருக்கும்மா?"

"எல்லாம் சேர்த்து மூணு டெராபைட்டுக்கு மேல. நான் எதையும் அழிக்கறதில்ல. தப்பா படிச்சதக்கூட வச்சிருக்கேன்."

"அப்போ எட்டு டெராபைட் டிஸ்க்கே தாராளம். இந்தப் பெட்டில ரெண்டு போட்டுக்கலாம். ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதும். ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். ரெண்டையும் ஒரே கம்பெனில வாங்காதீங்க, ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாவே போயிடும்." சிரித்துவிட்டு விரலை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு. இது பேக்கப் கிடையாது. நீங்க தெரியாம ஒண்ண அழிச்சீங்கன்னா ரெண்டுலயும் சேர்ந்தே அழிஞ்சிரும். அதனால மூணாவதா தனியா ஒரு டிஸ்க். அது உங்க வீட்லயே இருக்கக் கூடாது. தீ, தண்ணி, திருட்டு, எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்றேன்."

அவள் தலையாட்டி மூன்று டிஸ்க்கும் வாங்கினாள்; தனி டிஸ்க்கை அக்கா வீட்டில் வைப்பது என்று முடிவு செய்தாள். பெட்டியை ஒலிப்பதிவு அறைக்கு வெளியே, கூடத்து அலமாரியில் வைத்தாள். அதன் மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழக்கூடாதே. எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. பன்னிரண்டு வருஷக் குரல் முதல்முறையாக ஒரே இடத்தில் சேர்ந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரே கோப்பு நாலு இடத்தில் கிடந்தால் கண்டுபிடித்துத் தரும் செயலி ஒன்றைக் கடைக்காரர் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். பெயரை மட்டுமில்லாமல் உள்ளே இருக்கும் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் செயலி அது. அவள் அதை ஓடவிட்டு, துணி காயப்போட்டு வந்து பார்த்தாள். திரையில் ஒரு வரி இருந்தது. மூவாயிரத்து நூற்று நாற்பது கோப்புகளில் ஒரே ஒலி இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாமா?

எல்லாமே 'வெறும் அறை' கோப்புகள். வாசிக்க உட்காரும் முன் ஒவ்வொரு நாளும் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். இருமலையோ நாய்க் குரைப்பையோ வெட்டி எடுத்த இடத்தில் ஒட்டுப்போட அந்த அமைதி வேண்டும். அவள் பதிவை ஓடவிட்டு, வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். முப்பது எண்ணிவிட்டு உள்ளே போவாள்.

அமைதி எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று நினைத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"இல்லம்மா," என்றார் அவர். "ஒரே ரூம்ல ரெண்டு நாள் அமைதி ஒண்ணா இருக்காது. எது ஒத்துப்போகுதுன்னு அதுலயே காட்டும், பாருங்க."

காட்டியது. இருபத்தேழாவது வினாடியிலிருந்து இருபத்தொன்பதாவது வினாடி வரை. அந்த இடத்தைத் தனியே எடுத்து, காதில் ஹெட்போனை மாட்டி, ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். இரைச்சலுக்கு அடியில் அது இருந்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மூச்சைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் மூச்சுகளை வெட்டி எறிவதே அவளுக்குப் பாதி வேலை. பயந்தவர் மூச்சு, தூங்குகிறவர் மூச்சு, ஓடி வந்தவர் மூச்சு என்று தனித்தனியாகத் தெரியும். இது உரக்க வாசிக்கத் தொடங்கும் முன் ஒருவர் இழுக்கிற மூச்சு. அவளுடையதில்லை. அவள் இழுத்தால் இடது மூக்கில் மெல்லிய விசில் ஒன்று வரும். தவிர, அந்த நேரத்தில் அவள் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"காத்து," என்றார் அவர். "இந்தச் சுவருக்குப் பின்னாடி லிஃப்ட் குழிதான இருக்கு? லிஃப்ட் இறங்கினா காத்த உறிஞ்சும். நான் தெனமும் கேக்கற சத்தம்."

"இருபத்தேழாவது செகண்ட்லயேவா? மூவாயிரம் தடவையும்?"

அவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"அதுவும் போகட்டும். மொத மூணு வருஷம் எங்க இருந்தோம்? அச்சாபீஸ் பின்னாடி, ஓட்டு வீட்ல. அங்க லிஃப்ட் ஏதுங்க? அந்த ஃபைல்லயும் இருக்கு. மைக்கும் மூணு தடவ மாத்திட்டேன்."

அவர் கோப்புகளைத் தேதி வரிசைப்படி அடுக்கச் சொன்னார். இயந்திரம் கெட்டால் முதல் நாளிலிருந்து பார்ப்பது அவர் பழக்கம். நூற்றுக்கு ஒன்றாக எடுத்துக் கேட்டார்கள். முதல் வருஷத்தில் வெறும் மூச்சு மட்டும். ஐந்தாவது வருஷத்தில் மூச்சின் முடிவில் உதடு பிரியும் ஈரச் சத்தம். எட்டாவதில் தொண்டை அசைந்தது. அவள் சென்ற வாரக் கோப்பைப் போட்டாள். மூச்சு வந்தது. உதடு பிரிந்தது. அப்புறம், முழுசாக வராமல், பாதியில் நின்றுபோன ஓர் ஒலி.

"அத்..."

கணவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"யாரையோ அத்தைன்னு கூப்பிடுதா?"

"இல்லங்க," என்றாள் அவள். "அத்தியாயம். அத்தியாயம் ஒன்று. வாசிக்க ஆரம்பிக்குது. நான்தான் அதுக்குள்ள கதவத் திறந்து உள்ள வந்துடறேன்."

இரண்டு நாள் அவள் அந்த அறைப்பக்கம் போகவில்லை. கணவர் வேலைக்குப் போனபின் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்து அவளைப் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு வருஷமாக யாரோ தன் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் மூச்சை இழுத்துத் தயாராகும்போது நாம் தடதடவென்று உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

மூன்றாம் நாள் கணவருக்கு விடுமுறை. "ஒரு நாள் விட்டுக் குடுத்துப் பாப்போமே," என்றாள். "இடம்தான் எக்கச்சக்கமா வாங்கி வச்சிருக்கோமே."

"நம்ம வீட்ல நம்மளே வெளிய நிக்கணுமா?" என்று முணுமுணுத்தாலும் அவரே அறையை ஒரு தடவை அலசினார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், பஞ்சுப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். டேப்லெட்டையும் எடுத்து வெளியே வைத்தார். காலை ஒன்பது மணிக்குப் பதிவை ஓடவிட்டு, அறைக்கதவைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். பூங்காவில் உட்கார்ந்தார்கள், ஓட்டலில் சாப்பிட்டார்கள், தேவையில்லாத ஒரு வாளி வாங்கினார்கள். மூன்று மணிக்குத் திரும்பினார்கள்.

பதிவு ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. வெயில் இன்னும் கூடத்தில் கிடந்தது. இருவரும் பெட்டியருகே தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.

இருபத்தேழாவது வினாடியில் மூச்சு வந்தது. பிறகு ஒரு குரல், கரகரப்பில்லாமல், யாருக்கும் தொந்தரவாகிவிடக்கூடாது என்பதுபோலத் தாழ்வாகச் சொன்னது.

"அத்தியாயம் ஒன்று."

ஆணா பெண்ணா என்று அவளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. அதற்குமேல் குரலே வரவில்லை. ஒரு நிமிடம் கழித்து ஒரு சரசரப்பு கேட்டது. கணவர் அவளைப் பார்த்தார். காகிதம். பக்கம் திரும்பியது. இன்னொரு நிமிடத்துக்குப் பின் மறுபடியும் ஒரு பக்கம்.

சத்தம் போட்டு வாசிக்க வந்தவர் மனசுக்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் இருட்டும்வரை கேட்டார்கள், மறுநாள் காலையில் மிச்சத்தையும் கேட்டார்கள். கணவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் மூக்கால் சிரிக்கும் சத்தம். ஓர் இடத்தில் வேகமாக நாலைந்து பக்கம் பின்னால் போய், எதையோ சரிபார்த்து, மறுபடி முன்னால் வந்த சத்தம். நாலரை மணி நேரம் ஆனபோது பக்கம் திரும்புவது நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி.

"அழுவுதா?" என்றார் கணவர் கிசுகிசுப்பாக.

அவள் கன்னமும் நனைந்திருந்தது. என்ன கதை என்றே தெரியாமல் அழுதது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

கடைசியில் புத்தகத்தை மூடும் தொப்பென்ற சத்தம். நாற்காலி நகர்ந்தது. அடுத்த நொடியே வாசலில் பூட்டுத் திறந்து, தூரத்திலிருந்து அவள் குரலே கேட்டது: "ஏங்க, அந்த வாளிய வெளியவே வைங்க."

கணவர் ஹெட்போனைக் கழற்றினார். "முந்நூத்தி பன்னெண்டு தடவ திருப்பியிருக்கு," என்றார். பிறகு, "அழிச்சிரு வானொலி. வேணாம் நமக்கு," என்றார்.

அவளுக்கு மனசில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அழித்தாள். கடைக்காரர் சொன்னபடியே பெட்டியிலிருந்த இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாகப் போயிற்று. அதன்பிறகுதான் மூன்றாவது டிஸ்க் ஞாபகம் வந்தது. அன்று காலை பாதி கேட்டுக்கொண்டிருந்தபோதே அதற்கும் நகல் போய் முடிந்திருந்தது. அக்காவின் வீட்டுப் பக்கம் போகிற பக்கத்து வீட்டம்மாவிடம், கடைக்காரர் சொன்ன வேலைதானே என்று, யோசிக்காமல் அதைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

நாலு நாள் வேலை நெருக்கடியில் ஓடிவிட்டது. அந்த நாலு நாளும் அவள் எடுத்த 'வெறும் அறை' கோப்புகளில் இருபத்தேழாவது வினாடி காலியாக இருந்தது. வெறும் இரைச்சல் மட்டும். ஐந்தாம் நாள் கணவர் வண்டியில் அவளை அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு லிஃப்ட்டைப் பார்க்கப் போனார்.

அக்கா தனி ஆள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் வெளிநாட்டில். தங்கைக்கு நாளைக்கு மூன்று தடவை போன் செய்து, குழாயில் தண்ணீர் வராதது முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை ஒப்பிப்பாள். இந்த நாலு நாளாக அவளிடமிருந்து போனே வரவில்லை என்பது கதவு திறந்தபோதுதான் தங்கைக்கு உறைத்தது.

"மெதுவா பேசுடி," என்றாள் அக்கா, எடுத்த எடுப்பிலேயே.

"ஏன்க்கா, யாராவது தூங்கறாங்களா?"

"தூங்கல." அக்கா அவளைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அக்காவின் தலை வாரியிருந்தது. நல்ல புடவை கட்டியிருந்தாள். மேசைமேல் இரண்டு தம்ளர் இருந்தன.

"நான் குடுத்தனுப்பினனே, அந்த டிஸ்க்கு..."

"பீரோல துணிக்கு நடுவுல வச்சிருக்கேன். நீ சொன்ன மாதிரியே துண்டுல சுத்தித்தான்."

"அத எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்க்கா. ஒரு ஃபைல அழிக்கணும்."

அக்கா எழுந்திருக்கவில்லை. படுக்கையறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. நடுப்பகல். தெருவில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. அந்த அமைதியில் தங்கைக்குக் கேட்டது. பீரோ இருந்த பக்கத்திலிருந்து, மெல்லிய, பழகிய சரசரப்பு. ஒரு பக்கம் திரும்பியது. அந்த டிஸ்க் எந்த மின்னிணைப்பிலும் செருகப்படாமல், துண்டுக்குள், பூட்டிய பீரோவில் இருந்தது.

அவள் அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, உனக்கும் கேக்குதா?"

"கேக்காம என்ன? மத்தியானம் ஆனா ஆரம்பிச்சிடும். மொத நாள் வெலவெலத்துப் போயிட்டேன். அப்புறம் பார்த்தா அதுபாட்டுக்குப் படிச்சிட்டிருக்கு. நம்மள ஒண்ணும் கேக்கல, சொல்லல." அக்கா முந்தானை நுனியைச் சுருட்டினாள். "நானும் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து தைக்கிறேன். ரெண்டு வருஷமாச்சுடி, இந்த வீட்ல நான் இல்லாத இன்னொரு சத்தம் கேட்டு."

"பயமா இல்லையா?"

"சாயங்காலம் அது நிறுத்தினப்புறம்தான் பயமா இருக்கு."

தங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், அதட்டினாள். பீரோச் சாவி இடுப்பில் செருகியிருந்த இடத்தின்மேல் அக்கா கையை வைத்துக்கொண்டாள். கடைசியில் கணவர் வந்து ஹாரன் அடித்தபோது, அக்கா வாசலுக்கு ஓடி, வாயில் விரலை வைத்து அவரை அடக்கினாள்.

அவர்கள் வேறொரு டிஸ்க் வாங்கி மூன்றாவது நகலைக் கணவரின் பணிமனையில் வைத்தார்கள். வானொலி இப்போதும் வாசிக்கிறாள். அரை நிமிட அமைதி சுத்தமாகவே கிடைக்கிறது. அக்கா எப்போதாவதுதான் போன் செய்கிறாள். செய்தாலும் நூலகத்தில் பேசுகிறவள் மாதிரி தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை. சென்ற வாரம் பேசியபோது, வைக்கப்போகும் நேரத்தில், அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"இருடி," என்றாள். மறுமுனையில் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அப்புறம் பேசறேன்," என்றாள் அக்கா. அவள் குரலில் கல்யாணப் பெண்ணின் வெட்கம் இருந்தது. "இன்னிக்கு எனக்கு வாசிச்சுக் காட்டப் போகுது போல."