காலிக் குப்பியோடு ஒரு சோதனை

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, மூன்றாம் மாடி ஆய்வகத்தில், குப்பியிலிருந்த கலவையைச் சோதித்த ஒளியளக்கும் கருவியின் திரைக்கோட்டில் ஒரு மேடு எழுந்தது.

“புது மருந்து உருவாயிடுச்சுடி!” கணவர் துள்ளிக் குதித்து, இயக்குநரை அழைக்கப் போனை எடுத்தார்.

கருவியை இயக்கும் மென்பொருளை எழுதிய மனைவி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்க அவளே அதற்குள் ஒரு போலி மேட்டை வைத்திருந்தாள். நீக்கினாளா?

“பொறுங்க. காலிக் குப்பிய வச்சு ஓட்டலாம். அப்பவும் மேடு வந்தா அது என் கைவேலை.”

“குத்தம் கண்டுபிடிக்கிறதுல எங்கம்மாவையே மிஞ்சிட்டே!”

காலிக் குப்பியை வைத்ததும் கோடு மறுபடி இடமிருந்து வலமாக ஊர்ந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மேடு எழுந்த இடத்தைத் தாண்டியும் அது தட்டையாகவே போனது.

“நிஜந்தாங்க! இப்பக் கூப்பிடுங்க!” என்று அவரைப் பிடித்து உலுக்கினாள்.

இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். மாலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.