அக்கரையில் பத்து மணி

ஆயுட்கால நண்பனுக்கு நேரில் விடை கொடுப்பதன் விலை நூற்றுப்பத்து டாலர். வென்டல் அதைப் பேரம்கூடப் பேசவில்லை.

கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊரில் அவனுக்கு டயர் கடை. ஆறு தாண்டினால் அரிசோனா. அங்கே பெட்ரோல் மலிவு, வாடகை மலிவு என்று நண்பன் கிளெட்டஸ் எப்போதோ அக்கரைக்குக் குடிபோய்விட்டான். இப்போது சிறுநீரகம் கெட்டு, மகள் மார்னியோடு தொலைவில் உள்ள டூசான் நகரத்துக்கே போகிறான். திரும்பி வருகிற உடம்பில்லை. ஞாயிறு காலை பத்துக்குப் புறப்பாடு, அரிசோனா மணிப்படி.

அன்று நவம்பர் முதல் ஞாயிறு. இக்கரையில் குளிர்காலக் கணக்குக்காகக் கடிகாரங்களை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள், அக்கரையில் தொடமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் ஊரில் கேள்வி கிடையாது. ஏமாந்துவிடக் கூடாதென்று வென்டல் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் அக்கரை மணியிலேயே விட்டிருந்தான்.

அது ஒன்பதேகால் காட்டியபோது ஷட்டரை இறக்கப் போனான். படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி ஒரு மோட்டார்ஹோம் வண்டி வந்து நின்றது. முன் டயர் இரண்டும் வயிறு புடைத்திருந்தன.

"ரெண்டும் சேத்து எவ்வளவு?"

"அறுநூறு."

"பாலம் தாண்டினா ஐநூறுதான்."

"தாண்டுங்களேன் சார். நடுவுல வெடிச்சா ஆத்துல குளிச்ச மாதிரியும் ஆச்சு."

ஆள் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே வியாபாரம் படியும் என்று தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாலம் தாண்டிவிடுவான். ஐநூற்று அறுபதுக்கு முடிந்தது, அதில் லாபம் நூற்றுப்பத்து. நட்டு முடுக்கும்போது வென்டல் கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கடிகாரம் மறைந்தது.

அக்கரை போய்ச் சேர்ந்தபோது கிளெட்டஸின் டிரெய்லர் வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் நிழலில் இரண்டு மடக்கு நாற்காலிகள். நடுவே பாதி உருகிய ஐஸ் வாளி, அதில் ஒரே ஒரு பீர்.

போன் போட்டான். மார்னி எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"என்னடா, கலிஃபோர்னியா மணியிலயே உக்காந்துட்டியா? கிளம்பணும்னு இவ குதிச்சா, நான்தான் பத்து நிமிஷம் பிடிச்சு வெச்சேன்."

"மணி வித்தியாசம் மறந்தே போச்சுடா."

"தெரியும். இன்னைக்கு எவன்தான் நேரத்துக்கு வந்தான், விடு. பீரைக் குடி, சூடாயிடும். நாற்காலிய நீயே எடுத்துக்க."

வென்டல் உட்கார்ந்து, கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்பினான். இப்போது அதுவும் அவன் சொன்னதையே சொன்னது.

வரவு: நூற்றுப்பத்து டாலர், இரண்டு நாற்காலி, ஒரு பீர், கேட்காமலே கிடைத்த மன்னிப்பு. செலவு: ஒரு பொய். பாக்கி: ஒரு கைகுலுக்கல்.