அங்கியின் முதல் சூடு

எனக்குக் கோபம் வந்தா குண்டூசி தப்பான இடத்துல இறங்கும். அன்னைக்கு அது இறங்கினது வருங்கால ராஜாவோட தோள்ல.

"ஆ! கொல்லப் பார்க்கறியா?"

"ஆடாம நில்லு. ஒரு ஊசிக்கே இந்தக் கூப்பாடு போட்டா நாளைக்கு நாட்டை எப்படி ஆளப்போறே?"

தனியா இருந்தா அவன் எனக்கு நெட்டை. நாலு பேர் முன்னாடி நீங்க, வாங்க. அரண்மனைத் தையல் அறை எங்கம்மாவோடது. அங்கே சட்டைக்கு அளவு குடுக்கறேன்னு வாராவாரம் வந்து நிப்பான். ஒரு வாரத்துல யாருக்காவது தோள் வளருமா? அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயைத் திறக்காம அளவு எடுத்துக்கிட்டே இருந்தோம்.

அன்னைக்கு என் கோபம் அவன் மேல இல்லை, அவனோட தாய்மாமா மேல. பெத்தவங்க இல்லாத பையன் பெரியவனாகற வரைக்கும் நாட்டைப் பார்த்துக்கன்னு அவர்கிட்ட குடுத்தாங்க. ராஜமாமான்னு ஊரே கூப்பிடுது. பார்த்துக்கிட்டவருக்கு இப்போ திருப்பிக் குடுக்க மனசு வரலை.

எங்க குடும்பத்துல ஒரு வித்தை உண்டு, கட்டு முடிச்சு. துணிக்கு உள்பக்கம் முடிச்சுப் போடுவோம், நூலை ஒருத்தர் பல்லால கடிச்சு அறுக்கணும். அதுக்கப்புறம் அந்தத் துணி முதல்ல யார் உடம்புல ஏறுதோ, அந்த உடம்புச் சூடு முடிச்சுல ஏறிடும். கடிச்சவர் வாய் சொல்றதை அந்த உடம்பு செய்யும், மனசுக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும். ஒரு முடிச்சு ஒரு உடம்பைத்தான் பிடிக்கும். முரட்டுக் குதிரையோட முதுகுத் துணிக்குப் போட்டுக் குடுப்போம். மனுஷங்களுக்குப் போடறதே இல்லை.

ராஜமாமா முடிசூட்டு அங்கியில அதைப் போடச் சொல்லி அம்மாவைக் கேட்டார். "உங்க வீட்டுப் பையன் என்ன குதிரையா?"ன்னு அம்மா திருப்பிக் கேட்டாங்க. அவ்வளவுதான், அம்மாவை உள்ளே தள்ளிட்டு என்கிட்ட வந்தார். "பொண்ணே, நாளைக்குக் காலையில முடிசூட்டு. அதுக்குள்ள அங்கியில கட்டு முடிச்சு இருக்கணும். இல்லைன்னா உங்கம்மாவை மறந்துடு."

ஒண்ணு விடாம நெட்டைகிட்ட சொன்னேன்.

"அந்த அங்கியைப் போடாமலே வந்தா?"

"முடி செல்லாது. அது உனக்கே தெரியும்."

"அப்போ நூலை நீ கடி. உன் பேச்சைக் கேக்கறதுல எனக்கென்ன கஷ்டம்?"

ரெண்டாவது ஊசி இறங்குச்சு. இது வேணும்னே.

"சொன்னதுக்கெல்லாம் தலையாட்ட ஒரு பொம்மை வேணும்னா மிச்சத் துணியில நானே தைச்சுக்குவேன். எனக்கு நீதான்டா வேணும். எதிர்த்துப் பேசற நீ!"

சொன்னப்புறம்தான் என்ன சொன்னேன்னே புரிஞ்சுது. காது ரெண்டும் சுட்டுச்சு. அவன் சிரிக்காம என்னையே பார்த்தான்.

"என்ன செய்யப்போறே?"

"தெரியலை. ஆனா உன்னை யார் கைக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன், உன் மாமா கைக்கும் சரி, என் கைக்கும் சரி."

விடிஞ்சதும் ராஜமாமா வந்துட்டார். அவர் கண் முன்னாடியே காலருக்கு உள்ளே முடிச்சுப் போட்டேன். ஏமாத்தலை, நிஜ முடிச்சுதான். அவரே குனிஞ்சு நூலைக் கடிச்சார். அப்புறமும் நிமிரலை. அவர் விரல் அங்கியோட தங்க ஜரிகையைத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

எங்க அறையில ஒரு சட்டம் உண்டு. தைச்ச துணியை உடையவங்களுக்கு முன்னாடி யாரும் விளையாட்டுக்குக்கூட போட்டுப் பார்க்கக் கூடாது. ஏன்னு எங்களுக்குத் தெரியும். ராஜமாமா இந்த வித்தையைக் குதிரை லாயத்துல பார்த்தவர். குதிரைத் துணியை வேற யார் போட்டுப் பார்க்கப்போறா? அதனால அந்தச் சங்கதி அவர் காதுக்கு எட்டவே இல்லை.

"தூசு தட்டற பிரஷ் எடுத்துட்டு வர்றேன் ஐயா. அதுவரைக்கும் அங்கியைப் பார்த்துக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஆளுயரக் கண்ணாடி மேல இருந்த திரையை விலக்கிட்டு வெளியே போனேன்.

வெளியே நின்னு நூறு வரைக்கும் எண்ணினேன். ஆசை அவரை ஜெயிக்கலைன்னா எல்லாம் போச்சு. முடிஞ்ச மட்டும் மெதுவா திரும்பி வந்தேன். அங்கி மேஜை மேலதான் கிடந்துச்சு. எடுத்து முகர்ந்தேன், காலர்ல இருந்து கைநுனி வரைக்கும் அவரோட அத்தர் வாசனை. போட்டுப் பார்த்திருக்கார்! அப்பாடா, வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

அங்கியைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடி நடந்தேன். சபை வாசல்ல காவலாளியைப் பார்த்து, "கதவைத் திறடா!"ன்னு அதட்டினார். அவன் கை நீட்டறதுக்குள்ள இவர் கையே போய்த் தாழ்ப்பாளை இழுத்துச்சு.

"தூங்கறியா?"ன்னு அவனுக்குத் திட்டு வேற. எனக்கு வந்த சிரிப்பை இருமலா மாத்திக்கிட்டேன்.

நெட்டைக்கு விஷயத்தைச் சொல்ல நேரமே கிடைக்கலை. அங்கியை விரிச்சுப் பிடிச்சேன். போடட்டுமான்னு கண்ணாலயே கேட்டான். தலையசைச்சேன். மறு பேச்சு இல்லாம கையை நுழைச்சுக்கிட்டான் பாவி. அவ்வளவு நம்பிக்கை!

முடி வச்சாங்க. ஆசீர்வாதம் பண்ற மாதிரி ராஜமாமா அவன் காதுகிட்ட குனிஞ்சார். பின்னாடி நின்ன எனக்குத் தெளிவா கேட்டுச்சு.

"சபைப் பக்கம் திரும்பு. 'எனக்கு ஆளத் தகுதி இல்லை'ன்னு உரக்கச் சொல்லு."

நெட்டை அசையலை. ராஜமாமா நிமிர்ந்தார், சபைப் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஆளத் தகுதி இல்லை!"

தூண் எல்லாம் அதிர்ந்துச்சு. சொன்னது தன் வாய்தான்னு அவருக்கே நம்ப முடியலை. முதல்ல களுக்குன்னு சிரிச்சது புது ராஜாதான்.

"வாயை மூடு!"ன்னு அவன் மேல பாய்ஞ்சார் மாமா.

டக்! அவர் பல்லு ரெண்டு வரிசையும் மோதின சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் அந்த வாய் திறக்கவே இல்லை. முகம் சிவக்கச் சிவக்க என்னைக் கை காட்டினார். காவலாளிங்க அவரைப் பார்க்கலை, ராஜாவைப் பார்த்தாங்க.

"இவங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க," நெட்டை சொன்னான். "மரியாதையா."

அம்மா வந்தாங்க. ராஜமாமா வாயையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. கட்டு முடிச்சை அவுக்கத் தெரிஞ்சது அவங்க ஒருத்தருக்குத்தான்.

"அவுக்கவா?"

"என்னம்மா அவசரம்? அங்கி அழுக்காகட்டும், துவைக்கறப்போ பார்த்துக்கலாம்."

நெட்டை கையை நீட்டினான். "மேல வா. என் பக்கத்துல உக்காரு."

சபையே பார்க்குது. எனக்கு மரியாதை எல்லாம் மறந்து போச்சு. "இது உத்தரவா?"

"இல்லை. கேக்கறேன்."

"மாட்டேன்னு சொன்னா?"

அவன் முகம் வாடிப்போச்சு. ஆனா நீட்டின கையை இறக்கிக்கிட்டான். "மாட்டேன்னா மாட்டேன்தான். அடுத்த வாரம் அளவு குடுக்க வர்றேன்."

இந்த ஒரு பதிலுக்குத்தானே இத்தனை பாடும்! கையில இருந்த ஊசியை என் சட்டையிலேயே குத்திக்கிட்டு, யாரும் சொல்லாம, நானா படியேறிப் போய் உக்காந்தேன்.